எண் ஏழும் பூசணிக்காயும்

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அங்கே குருவுக்கு வயது முப்பத்தொன்பது, சீடருக்கு அறுபத்தொன்று. குரு தையல்நாயகி அம்மை. சீடர் அம்பலவாணர், சர்க்கரை ஆலையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் நியாயம் பேசியே பதவி உயர்வைக் கோட்டை விட்டவர். இனியாவது மனசு அடங்கட்டும் என்று மடத்துக்கு வந்தார். வந்து இரண்டு வருஷம் ஆகியும் அது அடங்கின பாடில்லை.

மடத்தின் வேலை ஒன்றுதான். அரசு ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளுக்குத் துணையாக வந்து கிடப்பவர்களுக்கு மத்தியானம் கஞ்சி ஊற்ற வேண்டும். அண்டாக்களைச் சுமந்துபோன பழைய வேன் வைகாசியில் உயிரை விட்டது. அரிசி ஆலைக்காரர் ஒருவர் தம் வேனை ஆடி பிறக்கும்வரை இரவல் கொடுத்தார். அதற்குள் வேறு வண்டி வரவில்லையென்றால் ஆஸ்பத்திரி வாசலில் கஞ்சி கிடையாது.

வண்டி வாங்கும் பொறுப்பு அம்பலவாணர் தலையில் விழுந்தது. வங்கி பறிமுதல் செய்த வண்டிகளை ஒரு கம்பெனி இணையத்தில் ஏலம் விட்டது. முன்பணம் கட்டினால் ஆளுக்கு ஓர் எண். யார் எவர் என்று தெரியாது, எண் மட்டும் திரையில் தெரியும். அம்பலவாணர் எண் மூன்று.

கோழிப்பண்ணையில் ஓடிய வேன் ஒன்று அவருக்குப் பிடித்துப்போயிற்று. கதவில் கொண்டை சிவந்த கோழிப் படம். ஏலம் முடியப்போகும் நேரத்தில் எண் ஏழு என்பவர் நுழைந்து, விலையை ஏற்றி, வண்டியை எடுத்துக்கொண்டார். அவருக்கும் ஏதோ தேவை இருக்கும் என்று அம்பலவாணர் மனசைத் தேற்றிக்கொண்டார். அடுத்த வாரம் அதே கோழி மறுபடி ஏலத்துக்கு வந்தது. மறுபடியும் எண் ஏழு ஏற்றினார், எண் ஏழே எடுத்தார். அதற்கடுத்த வாரத்துக்கான பட்டியலிலும் அதே கோழி அவரைப் பார்த்து நின்றது.

அம்பலவாணர் கொதித்துப்போய் அம்மையிடம் வந்தார்.

“அம்மா, ஏழுன்னு ஒருத்தன் இருக்கானா இல்லையான்னே தெரியலைங்க. கம்பெனிக்காரனே உக்காந்து ஏத்தறான்னு சந்தேகமா இருக்குதுங்க.”

“சந்தேகம்தானே? பாத்தீங்களா?”

“போன்ல எப்படிங்கம்மா பாக்கறது? இல்லாத ஆளோட எப்படிங்க போட்டி போடறது?”

அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அம்மை சிரித்தார்.

“நாளைக்குப் பௌர்ணமி. பூசணி ஏலத்துக்கு வந்து முன்னாடி உக்காருங்க.”

பௌர்ணமிதோறும் தோட்டத்தில் விளைந்ததில் பெரியதை அம்பாள் காலடியில் வைத்து, பூஜை முடிந்ததும் ஏலம் விடுவது அந்த மடத்து வழக்கம். அம்மை கையில் ஒரு வெண்கல மணி இருக்கும். அது அடித்தால் ஏலம் முடிந்தது. வருகிற காசு கஞ்சிக்குப் போகும்.

இந்த மாதத்துப் பூசணிமேல் அம்பலவாணருக்குத் தனிப் பாசம். கொடிக்குத் தண்ணீர் ஊற்றியவரே அவர்தான். ஐம்பது ரூபாய்க்குமேல் போகக் கூடாது என்று மனைவி கோமளம் சொல்லி அனுப்பியிருந்தார். அதுவே நியாயமான விலை என்று அவருக்கும் பட்டது.

“ஐம்பது” என்றார்.

கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அம்மை மணியைத் தூக்கினார்.

“அறுபது” என்றது அடுக்களைச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

“எழுபது” என்றார் அம்பலவாணர்.

“நூறு.”

அவருக்குச் சுருக்கென்றது. தான் ஊற்றிய தண்ணீர், தான் பிடுங்கிய களை. சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்கிறவனுக்கா அந்தக் காய்? “நூத்தம்பது” என்றார். குரல் இருநூறு என்றது. அதற்குப்பின் விலை குரங்கு மாதிரி தாவியது. “அறுநூறு!” என்று கத்தியபோது அம்பலவாணர் எழுந்தே நின்றிருந்தார். சுவருக்குப் பின்னால் சத்தமில்லை. மணி அடித்தது. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

காசைக் கொடுத்துவிட்டு, காயைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தோற்றவனின் முகத்தைப் பார்க்க அடுக்களைப் பக்கம் போனார். அங்கே கஞ்சி துழாவிக்கொண்டு சமையல்காரி பாவாயி மட்டும் இருந்தாள்.

“நீயா கேட்ட?”

“எனக்கெதுக்குங்க பூசணிக்காய்? அம்மா சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்.”

தோளில் காயோடு அப்படியே அம்மையிடம் திரும்பினார்.

“மடத்துலயே பொய் ஏலமாங்கம்மா?”

“ஆமா. எத்தனைக்கு வாங்கணும்னு வந்தீங்க?”

“அம்பதுக்குங்க.”

“பாவாயி அறுபதுன்னா. எழுபதுன்னு சொன்னது யாரு?”

அம்பலவாணர் காயை மறுதோளுக்கு மாற்றினார்.

“பத்தடி தூரம்தானே, எந்திரிச்சுப் போய் எட்டிப் பாத்திருக்கலாமே?”

“அதுக்குள்ள மணி அடிச்சிருமோன்னு பயமுங்க.”

அம்பலவாணர் பூசணியை இறக்கிவைத்து, தன் மகள் வயசுள்ள அம்மையின் காலில் விழுந்து எழுந்து வீட்டுக்குப் போனார். கோமளம் அந்தப் பூசணியில் ஒரு வாரம் கூட்டும் மோர்க்குழம்பும் வைத்தார். ஒவ்வொரு கரண்டிக்கும் விலையைச் சொல்லிச் சொல்லிப் பரிமாறினார்.

கோழி வேன் மூன்றாம் முறை ஏலத்துக்கு வந்தபோது ஆடி பிறக்க நாலு நாள் இருந்தது. மடத்தின் கையில் இருந்தது ஒரு லட்சத்து எண்பதாயிரம். அதற்குமேல் போனால் கஞ்சிக்கான அரிசியில் கை வைக்க வேண்டும். அதை அம்பலவாணர் பாவாயியிடம் சத்தமாகச் சொல்லி வைத்தார். ஏலம் மளமளவென்று போனது. அம்பலவாணர் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கேட்டதும் மற்றவர்கள் விலகிவிட, அவர் மட்டும் நின்றார். நேரம் முடியப்போகிறது. வந்தார் எண் ஏழு.

ஒன்று ஐம்பது. ஒன்று அறுபது. அம்பலவாணர் ஒன்று எண்பது வரைக்கும் போனார். எண் ஏழு இன்னும் இரண்டாயிரம் ஏற்றினார். அம்பலவாணரின் விரல் மறுபடி திரைக்குப் போனது. போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடியை மூடி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

“போச்சுங்களா?” என்றாள் பாவாயி.

“போச்சு” என்றார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து பிரசன்னா என்ற பையன் கூப்பிட்டான். “சார், ஏழாம் நம்பர் பார்ட்டி பணம் கட்டாம விலகிட்டாங்க. ரெண்டாவது நீங்கதான். நீங்க கேட்ட ஒன்று எண்பதுக்கே வண்டிய எடுத்துக்கலாம்.”

அம்பலவாணர் தோட்டத்துக்கு ஓடினார்.

“அம்மா, நின்னேங்க! நிறுத்திக்கிட்டேங்க! வண்டி தானா தேடி வந்திருச்சுங்க!”

“ரொம்ப சந்தோஷம். ஆனா எங்கிட்ட நீங்க ஒண்ணு கேக்கவே இல்லையே.”

“என்னங்கம்மா?”

“பூசணிக்காய்க் காசு.”

அம்பலவாணர் விழித்தார். “அது... பாடம் சொன்னதுக்குக் காணிக்கைன்னு நெனச்சேனுங்க.”

“பொய் சொன்னது நான். காசு கொடுத்தது நீங்க. அப்புறம் என் கால்லயும் விழுந்துட்டுப் போனீங்க.” அம்மை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்நூற்றைம்பது ரூபாயை அவர் கையில் வைத்தார். “பாவாயியைத் தள்ளிட்டா அம்பதுலதான் நின்னிருக்கும். தினம் கேப்பீங்க கேப்பீங்கன்னு பாத்தேன். எங்கிட்டயே கேக்கக் கூச்சப்பட்டா அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட என்னத்தைக் கேப்பீங்க?”

அம்பலவாணர் காசை எண்ணி மடியில் செருகிக்கொண்டார். பிறகு போனை எடுத்தார். சர்க்கரை ஆலையில் முப்பத்தைந்து வருஷம் பேசிய குரல் தானாகத் திரும்பி வந்தது.

“தம்பி, விலகினவர் கேட்டது கணக்குல சேராது. அவரைத் தள்ளிட்டா நான் நிக்கறது ஒன்று நாற்பதுல. அதுக்கு முடிச்சுக் கொடுங்க.”

“ரூல் அப்படி இல்லைங்க சார்.”

“உங்க ரூல்ல இன்னொண்ணும் இருக்கு. எடுத்துட்டு விலகினா முன்பணம் பறிமுதல். ஏழாம் நம்பர் இந்த ஒரே வண்டிய மூணு தடவை எடுத்துட்டு விட்டிருக்காரு. மூணு தடவையும் பறிமுதல் பண்ணினீங்களா?”

“அது... ஃபைலைப் பாக்கணுங்க சார்.”

“சொல்ல முடியாட்டிப் பரவாயில்ல. வண்டி வங்கியோடது. அவங்களுக்கே எழுதிக் கேட்டுக்கறேன்.”

“சார், சார், இருங்க. மேனேஜர்கிட்ட பேசிட்டுக் கூப்பிடறேன்.”

அடுப்பில் கஞ்சி கொதி வருவதற்குள் போன் வந்துவிட்டது. ஒன்று நாற்பதுக்கே முடிந்தது. ஆடி முதல் நாள் கோழி வேனில் அண்டாக்கள் ஏறின. ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவர்கள் அன்றைக்கே அதற்குக் கோழி வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அம்பலவாணர் வங்கிக்கு எழுத உட்கார்ந்தார்.

“வண்டிதான் வந்திருச்சே, ஐயா?” என்றார் அம்மை.

“அடுத்தாப்புல வாங்கறவனுக்கும் அந்த ஏழு வருவானேங்கம்மா.”

அம்மை விளக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஆடிப் பௌர்ணமிக்குப் பலாப்பழம் ஏலத்துக்கு வந்தது. மணம் மடத்தையே தூக்கியது. அம்பலவாணருக்கு நாக்கில் நீர் ஊறியது.

“நூறு” என்றார்.

“நூத்திப்பத்து” என்றது அடுக்களைச் சுவர்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மை மணியைத் தூக்கிப் பிடித்திருந்தார். அம்பலவாணர் நிதானமாக எழுந்தார், வேட்டியைச் சரிசெய்துகொண்டார், நடந்துபோய்ச் சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

பாவாயி வெட்கப்பட்டாள். “இது நெசமாவே நான் கேக்கறதுங்க. புது மருமகன் ஆடி விருந்துக்கு வர்றாருங்க. பலாச்சுளைன்னா அவருக்கு உசுராம்.”

அவர் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

“மேல கேக்கறீங்களா, ஐயா?” என்றார் அம்மை.

“இல்லீங்கம்மா. அங்க ஆள் இருக்குதுங்க.”

“போன தடவையும் அங்க பாவாயிதானே இருந்தா?”

“போன தடவை அவ குரல்தாங்க இருந்துச்சு.”

தூக்கிப் பிடித்திருந்த மணியை அம்மை இறக்கினார்.

“நீங்க போய்ப் பாத்துட்டு வர்றதுக்குள்ள நான் மணி அடிச்சிருந்தா?”

“பழம் போயிருக்கும். அவ்வளவுதானேங்க?”

அம்மை எழுந்து வந்து வெண்கல மணியை அவர் மடியில் வைத்தார்.

“அடிங்க. இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும்.”