பள்ளத்தில் ஒரு பாலம்

ஒழுங்காக ஓடுவதை நோண்டாமல் இருக்க இந்த மேப் கம்பெனிக்காரன்களால் முடியாது. போனில் வழி காட்டுகிற மேப்பைப் புதுசாக்கினார்கள். ஊர்ப்பெயரை இங்கிலீஷ் எழுத்திலிருந்து படித்து, கல்லுப்பள்ளத்தைக் 'கல்லுப்பாலம்' ஆக்கிவிட்டது அந்தச் சனியன்.

நாமக்கல் முட்டை லாரி முதலாளி பொன்னுரங்கத்துக்கு அதுதான் வேதவாக்கு. "மேப்பை மீறினா உனக்கு வேலை கிடையாது" என்று டிரைவர் மாரப்பன் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தார்.

கல்லுப்பள்ளத்துக்கு வந்தால், மழை பெய்து பள்ளம் நிறையத் தண்ணீர். மாரப்பன் பிரேக் போட்டான்.

"பள்ளமுங்க முதலாளி. லாரி முழுகிரும்."

"பாலம்னு சொல்லுதே, காது கேக்கலையா? மேல தண்ணி நிக்குது, அவ்வளவுதான். விடுடா!"

"சரிங்க. பாலத்தோட ஓரம் தெரியல. நீங்க முன்னால நடந்து காட்டுங்க, நான் பின்னாலயே ஓட்டிட்டு வர்றேன்."

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டி, போனும் கையுமாக விறைப்பாக இறங்கினார். கழுத்துவரை போய்விட்டார். தூக்கிய கையிலிருந்து போன், "நேராகச் செல்லவும்" என்றது.

"தூக்குடா மாரப்பா!"

"தூக்கலாமுங்க. ஆனா மேப்பு நேராப் போகச் சொல்லுதே! மீறினா வேலை போயிருமுங்களே?"

"மேப்பு நாசமாப் போக! இனி நீ சொல்றதுதான்டா வழி!"

அப்புறம்தான் மாரப்பன் கயிற்றை எடுத்தான்.