எவ்ரிபடி என்றால் எத்தனை பேர்?

வெள்ளைக்காரத் துரை ஒருவர் புலி வேட்டைக்குக் கிளம்பினார். புலியை வெளியே விரட்டக் காடு கலைக்க ஊரே வர வேண்டும், வராவிட்டால் சிறை என்று இங்கிலீஷில் உத்தரவு போட்டார்: "எவ்ரிபடி ஹேஸ் டு கம்." ஊரிலோ நெல் அறுப்பு. வானம் கறுத்திருந்தது. ஒரு நாள் தவறினால் கதிர் அத்தனையும் மழைக்குப் போய்விடும்.

மறுநாள் காலை முகாமுக்கு ஒரே ஒரு ஆள் வந்தான். துரையின் கச்சேரி அலுவலகத்தில், கூரையில் தொங்கும் பங்கா விசிறியைக் கயிற்றால் இழுக்கும் மாசாணம்.

"மற்றவர்கள் எங்கே?" என்றார் துரை.

"உத்தரவை வாசிச்சப்போ 'ஹேஸ்'னு காதுல விழுந்துச்சு எசமான். அதான் ஒருத்தன் வந்தேன்."

"எவ்ரிபடி என்றால் எல்லோரும்."

"பல பேருன்னா 'ஹேவ்'னு குமாஸ்தாவுக்கு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? அப்படித் திருத்திக் கொடுங்க. ஊரையே கூட்டிட்டு வர்றேன்."

துரை பேனாவை எடுத்தார். 'ஹேவ்' என்று எழுதினால் அவருடைய இங்கிலீஷே பிழையாகிவிடும். பேனா அப்படியே நின்றது. பக்கத்தில் குமாஸ்தா மாசாணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கே படித்தாய்?" துரையின் குரல் தணிந்திருந்தது.

"பத்து வருஷமா உங்க பங்காக் கயித்தோட மறுமுனையில, எசமான்."

துரை தொப்பியைக் கழற்றினார். அன்று ஊரில் அறுப்பு நடந்தது.