ஏர்க்கொழுவும் தமுக்கும்

காணாமல் போனது ஒரு வெள்ளிச் சொம்பு. பிடித்து நிறுத்தப்பட்டவள் அரண்மனைக்குத் தண்ணீர் சுமக்கும் சடைச்சி.

"பழுக்கக் காய்ச்சின ஏர்க்கொழுவைக் கையில் பிடி. கை வேகாவிட்டால் நீ திருடவில்லை" என்றார் ஜமீன்தார் வீரகஞ்சயர்.

"அந்த வழக்கத்தை உங்க தாத்தாவே நிறுத்திட்டாங்களே, சாமி."

"நிறுத்தி ஊருக்கு என்ன விளைந்தது? பொழுது சாய்வதற்குள் சொம்பைக் காட்டு. இல்லையென்றால் கொழுதான்."

கொல்லன் உலையில் துருத்திச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. சடைச்சி சந்தைத் திடலைப் பார்த்தாள்.

"இன்னைக்குச் சந்தை, சாமி. பழைய வழக்கம் திரும்ப வந்துடுச்சுன்னு முதல்ல தமுக்கடிச்சுச் சொல்லிடுங்க. சொல்லாமச் செஞ்சா நியாயமாகாது."

ஜமீன்தாருக்கு அது பிடித்துப்போனது. யார்மேல் சந்தேகம் வந்தாலும் இனிக் கொழுதான் என்று சந்தையில் தமுக்கு முழங்கியது.

உப்பு வண்டிகளில் மாடு பூட்டினார்கள். துணி வியாபாரிகள் விரித்ததைச் சுருட்டினார்கள். இந்த ஊரில் கைக்குப் பயமில்லை என்று கேள்விப்பட்டுத் தாத்தா காலத்தில் குடியேறிய நெசவாளிகள் தறியையே கழற்றிவிட்டார்கள். உச்சிவேளையில் திடலில் நாய்கள் மட்டும்தான் நின்றன.

ஜமீன்தார் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். துருத்திச் சத்தமும் நின்றுபோயிருந்தது.

கீழே முற்றத்தில் நின்ற சடைச்சி இரண்டு கைகளையும் நீட்டினாள். "நான் தயார், சாமி. கொழுவைக் காய்ச்சத்தான் ஆளில்லை. கொல்லரும் வண்டி ஏறிட்டார்."

ஜமீன்தார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "உத்தரவு ரத்துன்னு தமுக்கடிக்கச் சொல்."

"தமுக்கடிக்கிறவர் தமுக்கோட போயிட்டார், சாமி."

சொம்பை மறந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அன்று வண்டிகளுக்குப் பின்னால் கத்திக்கொண்டே ஓடியவர் ஜமீன்தார்தான்.