இடுப்புக்குப் போன கை

மருதவனப் பாளையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எவ்வளவு பெரிய சண்டையானாலும், திட்டித் திட்டித் தொண்டை வறண்டதும், இருவரில் ஒருவர் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை எடுத்து எதிராளிக்கு வெற்றிலை நீட்டுவார். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டால் சண்டை முடிந்தது. அதனால் நீதி கேட்டு அரண்மனைக்கு வருபவர்கள் குறைவு. அரசர் கொற்றவேல் பூபதி பகலிலும் நிம்மதியாகத் தூங்கினார்.

இந்தச் சுகம் தளவாய் ரணசிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. படைக்குத் தலைவர், மீசை ஒரு முழம், குறி மட்டும் சுத்தமில்லை. போன வருஷ வேட்டையில் மானைப் பார்த்துச் சுட்டு அரசரின் கூடாரத்தைச் சாய்த்தவர் அவர்தான்.

"மன்னா, ஆளுக்கொரு கைத்துப்பாக்கி கொடுத்து இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். எதிரில் வருபவனிடமும் துப்பாக்கி இருக்கிறது என்றால் பயம் வரும். பயந்தவன் யாரையும் சீண்ட மாட்டான். நாடே சாதுவாகிவிடும்" என்றார்.

அரசருக்கு யோசனை பிரமாதமாகப் பட்டது. மறுநாளே தமுக்கு அடித்தாயிற்று. துப்பாக்கி இல்லாமல் தெருவுக்கு வந்தால் கசையடி. திருடர்களும் குடிமக்கள்தானே! அவர்களும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள்.

பத்தே நாள். சந்தையில் எண்ணெய் வியாபாரி காத்தமுத்துவின் மாடு, காய்கறிக்கார அய்யாவுவின் பூசணிக்காயைக் கடித்துவிட்டது. இருவரும் பாட்டன் முப்பாட்டன் வரை இழுத்துத் திட்டிக்கொண்டார்கள். திட்டி ஓய்ந்த காத்தமுத்து, வழக்கம்போல் கையை இடுப்புக்குக் கொண்டுபோனார்.

'டுமீல்!'

காத்தமுத்துவின் தோளில் குண்டு. கையில் வெற்றிலை.

அய்யாவுவைக் கட்டி இழுத்து வந்து அரசர் முன் நிறுத்தினார்கள்.

"அவன் வெத்தல எடுக்கறான்னு எனக்கு எப்படிச் சாமி தெரியும்? துப்பாக்கியும் அங்கதான இருக்கு! முப்பது வருசமா அவங்கிட்ட வெத்தல வாங்கிப் போட்டவன் சாமி நான்" என்று அய்யாவு அழுதார்.

தோளில் கட்டோடு வந்த காத்தமுத்து, "அவன விட்ருங்க சாமி" என்று ஒற்றைக் கையால் கும்பிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

தளவாய் மட்டும் இளகவில்லை. "கோழைப் பயல், பதறிவிட்டான். தூக்கில் போடுங்கள் மன்னா. ஒரு துப்பாக்கி போதாது என்பதும் தெரிந்துவிட்டது. இனி ஆளுக்கு இரண்டாகக் கொடுப்போம்."

அரசர் தலையசைக்கப் போனார். அப்போது சொக்கேசன் எழுந்தான். யோசனை சொல்லவும் சிரிக்க வைக்கவும் அரண்மனையில் சம்பளம் வாங்குபவன்.

"மன்னா, ஒரு சந்தேகம். அய்யாவு இடத்தில் நம் தளவாய் இருந்திருந்தால்?"

தளவாய் நிமிர்ந்தார். "எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் சுடுவேன். வீரனுக்குப் பதற்றம் கிடையாது."

"வீரரா? அந்த மீசையில் பாதி சவுரி முடி என்று ஊரே பேசுகிறதே!"

சபை கொல்லென்று சிரித்தது. தளவாயின் முகம் சிவந்தது. "டேய், நாக்கை அறுத்துவிடுவேன்!"

"மானுக்கும் கூடாரத்துக்கும் வித்தியாசம் தெரியாத நீரா அறுக்கப் போகிறீர்?"

தளவாய் எழுந்தே விட்டார். சொக்கேசன் சட்டென்று பேச்சை நிறுத்தினான். தளவாயையே பார்த்தபடி வலக்கையை இடுப்புக்குக் கொண்டுபோனான்.

'டுமீல்!'

குண்டு அரசரின் வெண்கொற்றக் குடையைத் துளைத்தது. அரசர் பதறிப்போய்த் தம் துப்பாக்கியைத் தளவாய்மீது நீட்டினார். அதைப் பார்த்துக் காவலன் ஒருவன் நீட்டினான், அவனைப் பார்த்து இன்னொருவன் நீட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் சபையில் ஒவ்வொருவரும் மற்றொருவர் நெஞ்சைக் குறிபார்த்து நின்றார்கள். துப்பாக்கியை முதலில் கீழே இறக்க யாருக்கும் தைரியமில்லை.

நடுவில் சொக்கேசன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான்.

"சமாதானம் தளவாயாரே, போட்டுக்கொள்ளுங்கள். மன்னா, துப்பாக்கி இருந்தால் பயம் வரும் என்று இவர் சொன்னது உண்மைதான். பயந்தவன் சும்மா இருப்பான் என்பதுதான் பொய். இப்போது தூக்குக் கயிறு ஒன்று போதுமா, இரண்டாகக் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

தளவாய் தலையைக் குனிந்துகொண்டார். அரசர் நிமிர்ந்து குடையின் ஓட்டையை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லத் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"அய்யாவுவை அவிழ்த்துவிடுங்கள். துப்பாக்கிகளை எல்லாம் திரும்ப வாங்கி ஆயுதசாலையில் பூட்டுங்கள். இனி என் குடிகளின் இடுப்பில் வெற்றிலைப் பை மட்டும் இருக்கட்டும்."

அய்யாவு ஓடிப்போய்க் காத்தமுத்துவின் காலில் விழுந்தார்.

"ஆமாம் சொக்கேசா, குண்டு உன்மேல் பட்டிருந்தால்?" என்று கேட்டார் அரசர்.

"தளவாய் என்னைத்தானே குறிபார்த்தார் மன்னா! எனக்கென்ன ஆபத்து? பின்னால் உட்கார்ந்திருந்த தங்களை நினைத்துத்தான் கொஞ்சம் கவலைப்பட்டேன்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பலே! உனக்கு என் கையாலேயே தாம்பூலம் தருகிறேன்!" என்று சொல்லி, கையை இடுப்புக்குக் கொண்டுபோனார்.

தடதடவென்று சபை முழுவதும் தரையில் குப்புற விழுந்தது. அரசர் சுற்றிப் பார்த்தார். ஒரு தலைகூடத் தெரியவில்லை.

தூணுக்குப் பின்னாலிருந்து சொக்கேசனின் குரல் மட்டும் வந்தது. "மன்னா, தாம்பூலம் நாளைக்கு இருக்கட்டும். முதலில் பூட்டைப் போடச் சொல்லுங்கள்!"