வேங்கை பார்த்த முகம்

மலையடியில் மூன்று ஊருக்கும் பொதுவாக ஒரு வேங்கைமரக் காடு. மூன்று ஊரும் சம்மதித்தால்தான் வருஷத்துக்கு ஒரு மரம் வெட்டலாம்.

சமவெளியிலிருந்து வந்த ஜமீன்தாருக்கோ அரண்மனைக் கதவுக்கு மூத்த மரமே வேண்டுமாம். "இப்பவே வெட்டு. இல்லாட்டி உன் கையை வெட்டுவேன்" என்றார், காட்டைக் காக்கும் மாசாணியிடம்.

"முதல் வெட்டு கேட்டவங்க போடணும், சாமி."

போட்டார். பறவைச் சத்தம் சட்டென அடங்கியது. மரத்திலிருந்து செக்கச்செவேலென ஏதோ வழிந்து அவர் விரல்களை நனைத்தது.

"மூணு ஊரும் சேர்ந்து வெட்டுனா பழி மூணாப் பிரியும். இன்னிக்கு வேங்கை உங்க முகத்தை மட்டுந்தான் பாக்குது."

கோடரியைப் போட்டுவிட்டு ஓடியே போனார்.

மாசாணி அந்த வேங்கைப் பாலைச் சிரட்டையில் பிடித்து, எப்போதும்போல மூன்று ஊர்க் குழந்தைகளுக்கும் பொட்டு வைக்கக் கொண்டுபோனாள்.