நாவல் பழ டிக்கெட்

ஆலங்காட்டுக் கீரிகளுக்கும் கரட்டுக்காட்டுப் பூனைகளுக்கும் அன்று சடுகுடுப் போட்டி. ஜெயிக்கிற காட்டுக்குத்தான் கோடை முழுக்கச் சுனைத் தண்ணீர். தோற்றால் நாக்கு வறண்டு கிடக்க வேண்டியதுதான்!

மைதானத்தைச் சுற்றி உட்கார நூறு கற்கள். ஆலங்காட்டு நரிதான் டிக்கெட் விற்றது. "கல்லுக்கு ஒரு தேனடை!" என்று விலை வைத்தது. போன வருஷம் புலி ஒரு தேனடை கொடுத்து ஆட்டம் பார்த்ததாம். அதனால் எல்லோரும் கொடுப்பார்களாம். எப்படி இருக்கிறது கணக்கு!

கரடி மட்டும் தேனடையோடு வந்து உட்கார்ந்தது. மற்ற கற்களெல்லாம் காற்று வாங்கின. நரி வாசலில் அந்தத் தேனடையை மொய்த்த ஈயை ஓட்டிக்கொண்டிருந்தது.

கீரிகளின் கேப்டன் ஓடி வந்தது. "நரியண்ணே, கைதட்ட ஆளில்லாமல் எங்களுக்கு மூச்சுப் பிடித்துப் பாட வராது. விலையைக் குறையுங்கள்!"

"குறைத்தால் மதிப்புப் போய்விடும் தம்பி! இடம் நிரம்ப வேண்டும், அவ்வளவுதானே? நான் பார்த்துக்கொள்கிறேன்!"

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். தொண்ணூற்றொன்பது ஆந்தைகளை ஓசியில் கூட்டி வந்து உட்கார வைத்தது! "ஹவுஸ்ஃபுல்!" என்று கத்தியது.

பட்டப்பகலில் ஆந்தை என்ன செய்யும்? தூங்கியது.

ஆட்டம் தொடங்கியது. கீரிகள் "சடுகுடு சடுகுடு" என்று பாடிப் போனால், பதிலுக்குக் குறட்டைதான் கேட்டது. ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. பாதி ஆட்டத்தில் ஆலங்காடு ஐந்து புள்ளி பின்தங்கிவிட்டது.

வேலிக்கு வெளியே முயல்களும் அணில்களும் குரங்குகளும் இடுக்கில் கண் வைத்து நின்றன. கேப்டன் கீரி அங்கே போனது.

"உங்கள் கையில் என்ன இருக்கிறது?"

"ஆளுக்கு ஒரு நாவல் பழம் இருக்கு. தேனடைக்கு நாங்க எங்க போக?" என்றது ஓர் அணில்.

கீரி நேரே நரியிடம் வந்தது. "ஒரு நாவல் பழம். அதுதான் டிக்கெட். கதவைத் திறக்காமல் நான் களத்தில் இறங்க மாட்டேன்!"

"ஐயோ, என் மதிப்பு!"

"சுனை போய்விட்டால் மதிப்பையா நக்கிக் குடிப்பீர்கள்?"

நரிக்கும் தொண்டை காய்ந்துதான் கிடந்தது. முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்தது. காடே உள்ளே புகுந்தது! அந்தக் கூச்சலில் ஆந்தைகள் திட்டிக்கொண்டே பறந்துபோயின. ஒரு கல்லில் நான்கு அணில்கள் இடித்துப் பிடித்து உட்கார்ந்தன.

கீரிகள் விடவில்லை. ஒவ்வொரு புள்ளியாகப் பிடித்துச் சமன் செய்தன. கடைசிப் பாட்டுக்குக் கேப்டனே போனது. மூன்று பூனைகள் அதன் காலைக் கவ்வின. "சடுகுடு... சடு..." குரல் தேய்ந்தது.

"விடாதே! இன்னும் ஒரு சாண்தான்!" என்று முயல் எம்பிக் குதித்துக் கத்தியது. "விடாதே!" என்று காடு முழுவதும் கத்தியது.

கீரிக்கு எங்கிருந்தோ மூச்சு வந்தது. மூன்று பூனைகளையும் இழுத்துக்கொண்டே தவழ்ந்தது. மூக்கு நுனியால் நடுக்கோட்டைத் தொட்டது. ஜெயித்துவிட்டது!

சாயங்காலம் எல்லோரும் சுனையில் வயிறு முட்டக் குடித்தார்கள். கரடி மட்டும் நரியைப் பிடித்துக்கொண்டது. "அவர்களுக்குப் பழம், எனக்குத் தேனடையா? எடு என் தேனடையை!"

நரி திருப்பிக் கொடுத்தது. அதன் பக்கத்தில் நாவல் பழம் மலையாகக் குவிந்திருந்தது. "பழமே தேவலை!" என்று சொன்ன அதன் நாக்கு ஊதாவாக இருந்தது.

வருகிறவர் கைக்கு எட்டுவதுதான் விலை. எட்டாத விலை வைத்தால் இருக்கையும் வெறும் கல்தான்.