ஆட்சேபணை இல்லை

முதல் தடவை, ஃபைல் மழையில் நனைந்துவிட்டது என்றார்கள். காய ஒரு மாதம் கேட்டார்கள்.

இரண்டாவது தடவை, மானேஜர் மாறிவிட்டார். புதியவர் தேடிப் பார்க்க ஆறு வாரம்.

மூன்றாவது தடவை, பீரோ சாவியைக் காணவில்லை.

நான்காவது தடவை, சாவி கிடைத்தது. பீரோவைக் காணவில்லை.

ஐந்தாவது தடவை காரணமே கிடையாது. அவகாசம் வேண்டும், அவ்வளவுதான்.

வக்கீல் அருளப்பன் ஐந்து விரலையும் மடக்கி முடித்தார்.

"நாளைக்கு ஆறாவது. இவங்களை என்னதான் செய்றது, தோழர்?"

மாடத்தி படியில் உட்கார்ந்து, பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மில் தொழிலாளர் வாசகசாலை. லீவு நாட்களில் தொழிலாளிகளே செங்கல் சுமந்து கட்டியது. நிலம் அவர்களுக்குத்தான் என்று பழைய முதலாளி எழுதிக் கொடுத்த கடிதம் கம்பெனி ஃபைலில் இருந்தது. மில்லை மூடியதும் கம்பெனி இதையும் பூட்டியது. ஒன்பது பேர் வழக்குப் போட்டார்கள். கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லி கோர்ட் கெடு வைத்தது.

கெடு நீண்டது. ஒன்பது பேர் நாலு பேரானார்கள். மாடத்தியும் இன்னும் மூவரும் ஞாயிறுதோறும் இந்தப் படிக்கு வந்தார்கள்.

அருளப்பனுக்கு எழுத்துக் கூட்ட வந்தது இந்தக் கதவுக்குப் பின்னால்தான். ஷிப்ட் விட்டு, தலையில் பஞ்சோடு வந்து உட்காருவார். பசை வாசமும் மை வாசமும் கலந்து வரும். மாடத்தி ஒரு துண்டறிக்கையை மடியில் போட்டு, "படி" என்பாள். அந்தப் படிப்புதான் அவரைக் கறுப்புக் கோட்டு வரைக்கும் கொண்டுபோனது.

"ஃபைலைக் கொண்டா, வக்கீலே."

கொடுத்தார். அவகாசம் கேட்டு கம்பெனி போட்ட முதல் மனுவின் அடியில் அவள் விரல் வைத்தாள்.

"இது என்ன?"

"ஆட்சேபணை இல்லைன்னு எழுதியிருக்கு."

"இதுல?"

"அதேதான்."

"மத்த மூணுலயும்?"

"அது ஒரு மரியாதை, தோழர். எதிர்தரப்பு வக்கீல் கேட்டா விட்டுக் கொடுக்கணும். நாளைக்கு நமக்கும் அவகாசம் வேண்டியிருக்கும். ஒண்ணா டீ குடிக்கிற ஆளுங்க."

"டீ நல்லாருக்குமோ?" என்றார் பின்படியில் இருந்த கொச்சடை.

"நமக்கு எத்தனை தடவை வேண்டியிருந்துச்சு?" என்றாள் மாடத்தி.

"ஒரு தடவையும் இல்லை."

"ஆறாவது?"

அருளப்பன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "இன்னும் கையெழுத்துப் போடலை."

அவள் ஃபைலைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஸ்டிரைக்குல பின்வாசல் வழியா வேலைக்குப் போனவன் பேரை, கேட்டுக்கு முன்னால நின்னு படிப்பியே. ஞாபகம் இருக்கா?"

அருளப்பன் முகம் மலர்ந்தது. "மறக்குமா? மைக் கிடையாது. அப்பன் பேரு, ஆள் பேரு, வேலை பார்க்கிற பகுதி. மில் சங்கைவிட என் சத்தம் பெருசுன்னு நீங்கதான் சொல்வீங்க."

"அந்தச் சத்தம் இன்னும் இருக்கா?"

"இருக்கும் தோழர்."

"ஆட்சேபணை இல்லைங்கறதுக்குக் கீழே ஒரு பேர் இருக்கு. படி."

கேட் கூட்டத்தில் நிற்பதுபோல, நாலு பேரும் எழுந்து நின்றார்கள்.

அருளப்பன் உதடு அசைந்தது.

"கேக்கலை" என்றார் கொச்சடை.

அவர் ஃபைலை மூடினார். பூட்டிய கதவுக்கு முதுகு கொடுத்து நிமிர்ந்து நின்றார். மூச்சை இழுத்தார்.

"சவரிமுத்து மகன் அருளப்பன். நூற்புப் பகுதி."